உரிமையாளருக்கு இந்த மாதம் பிடித்தவை

– எழுதுங்க. "இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, பட்டன் கடையின் உள்ளறையில் கூடியவர்கள்: ஒன்று, குடும்பத்தின் மூத்தவள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இரண்டு, அவளுடைய தம்பி, பட்டன் கடைக்காரன். மூன்று, அச்சகக்காரர். வேறு எவரும் இல்லை." முடிஞ்சுதா?

– டீச்சர், நான் கூடலையே. கடையில பட்டன் போட்டுக் கொடுக்குற கவர்ல அடிக்க வேண்டிய மேட்டரை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். நாலு மணிக்கு மெஷின் ஓடணும்.

– வந்து உக்காந்துட்டீங்கல்ல? அப்போ கூடினதுதான். கையெழுத்து நல்லா இருக்கு, நீங்களே எழுதுங்க.

– எதுக்குக்கா இதெல்லாம்? நீயும் நானும் வாயால பேசிட்டாப் போதாதா?

– வாயால பேசிப் பேசித்தான்டா இந்த நிலைமைக்கு வந்து நிக்குறோம். இனிமே எல்லாம் எழுத்துல. உன் பொண்டாட்டி எங்க?

– வெளிய போயிருக்கா.

– வெளியன்னா?

– வெளியதான்க்கா. வந்துடுவா.

– எழுதுங்க. "தம்பியின் மனைவி வெளியே. எங்கே என்று தம்பி சொல்லவில்லை."

– டீச்சர், இதுவும் கவர்ல அச்சாகணுமா?

– இது குடும்பக் குறிப்பு. அச்சாகறது வேற. அதுக்குத்தான் வர்றேன். தம்பி, ஒரே வார்த்தை கேக்குறேன். கையில வெச்சிருக்கியே, அந்த மேட்டரை நீயே வாசி. சத்தமா.

– அதான் உன்கிட்ட காட்டிட்டேனே.

– வாசிடா.

– "பட்டன் கடை. உரிமையாளருக்கு இந்த மாதம் பிடித்தவை. சாப்பாடு: பஸ் டிப்போவுக்கு எதிரே உள்ள கேண்டீனில் காளான் சூப். ஓரம் கருகிய ரொட்டியோடு தருகிறார்கள். கருகல் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கலை: அதே டிப்போவின் ஓட்டுநர்கள் வேலை முடிந்ததும் பணிமனையில் கூடிப் பாடுவது. தகரக் கூரை என்பதால் கடைசி வரி இரண்டு முறை கேட்கும். படிப்பு: மல்லாந்து நீந்துவது. காதுக்குள் தண்ணீர் போய்விட்டால் யார் என்ன பேசினாலும் கேட்பதில்லை. இதில் மிகவும் பிடித்தது அதுதான்."

– யாரைச் சொல்ற அதுல?

– எதுல?

– "யார் என்ன பேசினாலும் கேட்பதில்லை." என்னைத்தானே?

– உன்னை எதுக்குக்கா சொல்லணும்?

– இந்தக் குடும்பத்துல பேசுறவ நான் ஒருத்திதான்.

– இத எழுதணுமா டீச்சர்?

– வேண்டாம்.

– அக்கா, இது மூணு வருஷமா வர்றதுதானே? ஜனங்க விரும்பிப் படிக்கிறாங்க. கவரைத் தூக்கிப் போடாம சுவத்துல ஒட்டி வெச்சுக்கிறாங்க.

– அதான்டா என் வயித்தெரிச்சலே! ரெண்டு ஊக்கு வாங்கினாலும் ஒரு கவர். ஒரு முழம் லேஸ் வாங்கினாலும் ஒரு கவர். இந்த ஊர்ல ஊசி பிடிக்கிற கை எல்லாத்துலயும் நம்ம வீட்டு சங்கதி இருக்கு. போன வாரம் துணி தைக்கக் கொடுக்கப் போனேன். அந்தத் தையல்காரி என் தோளை அளந்துக்கிட்டே கேக்குறா, "ஏன் டீச்சர், உங்க தம்பி வீட்டுல அடுப்பே பத்த வைக்கிறதில்லையா?"ன்னு. வாயில ரெண்டு குண்டூசியைக் கவ்விக்கிட்டுக் கேக்குறா!

– அவ விளையாட்டுக்குக் கேட்டிருப்பா.

– முப்பத்தாறு மாசத்துக் கவரும் என் பெட்டியில இருக்கு. எடுத்து வெச்சு ஒண்ணொண்ணாப் படிச்சேன். ஒரு மாசம் சந்தைக்குப் பின்னாடி அவிச்ச உருளைக்கிழங்கு. ஒரு மாசம் ரயிலடியில மிளகு தூவின முட்டை. ஒரு மாசம் எவன் வீட்டுக் கல்யாணத்துலயோ கடைசிப் பந்தியில கிடைச்ச கேரட்டு. கேரட்டுடா! ஒரே ஒரு மாசமாவது, "என் வீட்டுச் சமையல்"னு ஒரு வரி வந்திருக்கா? கட்டினவ என்ன கல்லையும் மண்ணையுமா ஆக்கிப் போடுறா உனக்கு?

– அதெப்படிக்கா போட முடியும், தான் சமைச்சதத் தானே...

– என்ன?

– ஒண்ணுமில்ல.

– மென்னு முழுங்காத.

– அந்த உருளைக்கிழங்கு நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். அச்சடிச்சு முடிச்ச கையோட நானும் போய்ச் சாப்பிட்டேன். ரெண்டு தடவ.

– உங்களைக் கேட்டேனா?

– இல்ல டீச்சர்.

– தம்பி, நீ காளான் சாப்பிடுவியா?

– ம்.

– ஆறு வயசுல ஒரு துண்டு காளான் தின்னுட்டு உடம்பெல்லாம் தடிச்சு, கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு. செருப்புகூட போடாம உன்னைத் தூக்கிக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினவ நான். இப்போ சூப்பே குடிக்கிறியா?

– இப்போல்லாம் ஒத்துக்குதுக்கா.

– எப்போலேருந்து?

– இந்த... இந்த மாசத்துலேருந்து.

– சரி. மல்லாந்து நீந்தினியே, எந்தக் கையை முதல்ல தூக்கணும்?

– வலது கை.

– ஏன்?

– சாப்பிடுற கைங்கிறதால.

– பிரஸ்காரரே, இவன் மூஞ்சியப் பாருங்க. பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி. சின்ன வயசுலயும் இப்படித்தான், பொய் சொல்லும்போது மூக்கு நுனி சிவந்துடும். தண்ணியக் கண்டா குளிக்கவே யோசிக்கிறவன் நீச்சலாம்!

– அக்கா, வெளிய மணி அடிக்குது. யாரோ வந்திருக்காங்க. ஒரு நிமிஷம்.

– போ. போய் வியாபாரத்தப் பாரு. எங்க ஓடிடப் போற.

– டீச்சர், கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஒரு சூப்புக்கும் ரொட்டிக்கும் ஏன் இவ்வளவு கோவம்?

– உங்களுக்குத் தெரியாது. இவன் பொண்டாட்டியப் பாத்துக் கட்டி வெச்சவ நான். என்கூட வேலை பாத்த டீச்சரோட பொண்ணு. அந்தம்மா சாகக் கிடந்தப்போ என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "என் பொண்ணு உங்க வீட்டுல மதிப்பா இருப்பாளா?"ன்னு. இருப்பான்னு வாக்குக் கொடுத்தேன். எங்க குடும்பத்துல வாக்குக் கொடுத்துட்டு யாரும் மாறினது கிடையாது.

– சார் அப்படிப்பட்ட ஆளில்லையே.

– ஆளு நல்லவன்தான். ஆனா ஊர்ல இருக்குற கேண்டீனையெல்லாம் புகழ்ந்து எழுதுறவன், அவ கையால தின்னத மட்டும் எழுதலன்னா, அது மதிப்பா? நாலாயிரம் கவர்ல மாசா மாசம் அவளைக் குத்திக் காட்டுற மாதிரி இல்லையா? சரி, நீங்க ஊர் பூரா அலையிறவரு. உங்க காதுல என்ன விழுந்துச்சு? உள்ளதச் சொல்லணும்.

– வேண்டாம் டீச்சர். நம்ம வேலை அச்சடிக்கிறது.

– உங்களை மூணாம் வகுப்புல நிக்க வெச்சு வாய்ப்பாடு கேட்டவ நான். சொல்லுங்க.

– அது வந்து... பட்டன் கடை ஓனர் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க.

– எப்போ?

– அதுதான் டீச்சர், ஒரேயடியாப் போகலையாம். மூணு வாரமா, வாரத்துல மூணு நாள், மத்தியானத்துல கையில ஒரு பையோட பஸ் ஏறுறாங்களாம். சாமானக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போறாங்களாம். கடைசியா ஒருநாள் ஆளும் போயிடுவாங்களாம்.

– கேட்டியாடா, உள்ள வந்தவனே! கேட்டியா? என் தலையில அடிச்சுக்கணும் போல இருக்கு. தவணை முறையில வீட்டை விட்டுப் போறாளாம் உன் பொண்டாட்டி!

– யாரு, அவளா? அந்தப் பையில ஒரே ஒரு துண்டுதான்க்கா இருக்கு.

– உனக்கெப்படித் தெரியும்?

– நான்தானே மடிச்சு வெச்சேன்.

– துண்டு எதுக்கு?

– துடைக்க.

– எதத் துடைக்க? கண்ணீரையா?

– அக்கா, நீ ஏன் எல்லாத்தையும்... சரி விடு. வந்தவருக்கு கோட்டு பட்டன் வேணுமாம், கரும்பச்சை. சட்டுனு எடுத்துக் கொடுத்துட்டேன். முன்னெல்லாம் இதுக்கு ஏணி போட்டு ஏறணும்.

– அதையும் கேக்கணும்னுதான் இருந்தேன். அப்பா டிராயரெல்லாம் அளவு வாரியா வெச்சிருந்தாரு. எவன் அதக் கலைச்சு நிறவாரியா மாத்தினது?

– தையல்காரங்க நிறத்தத்தானே முதல்ல கேக்குறாங்க? எல்லாக் கறுப்பும் ஒரு பக்கம், எல்லாப் பச்சையும் ஒரு பக்கம். அளவு அப்புறம். யாரும் ஏணியில ஏறி விழ வேண்டாம்.

– அப்பா முப்பது வருஷம் அந்த ஏணியில ஏறினாரு. விழலையே. முப்பது வருஷம் அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், என்ன பாட்டு பிடிக்கும்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. அதுக்குப் பேருதான்டா கௌரவம்.

– எனக்கும் தெரியாதுக்கா. அவர் கடைசியாப் படுத்திருந்தப்போ, பிடிச்சதா ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம்னு நினைச்சேன். என்ன வாங்குறதுன்னு தெரியாம, மூணு கடை ஏறி இறங்கிட்டு வெறுங்கையோட வந்தேன்.

– டீச்சர், இத...

– எழுதாதீங்க.

– சரி டீச்சர். மூணரை ஆச்சு.

– தெரியும். இந்தாங்க, நானே வீட்டுல உக்காந்து எழுதிட்டு வந்திருக்கேன். இந்த மாசம் இதுதான் கவர்ல வரும். அந்தப் பட்டியல் வராது. நீங்களே வாசிங்க.

– "அறிவிப்பு. இக்கடையின் உரிமையாளராகிய நான், கடந்த மூன்று ஆண்டுகளாகக் கண்ட இடத்தில் உண்டதையும், கண்ட பாட்டைக் கேட்டதையும், கண்ட தண்ணீரில் இறங்கியதையும் அச்சிட்டு வெளியிட்டு, என் மனைவியின் மனத்தைப் புண்படுத்தினேன். அதற்காக வருந்துகிறேன். அவளுடைய சமையலே எனக்குப் பிடித்த சமையல். இனி இந்தப் பட்டியல் வராது. இப்படிக்கு, உரிமையாளர்." சுத்தி ஒரு கட்டம் கட்டட்டுமா டீச்சர்?

– கட்டுங்க. கறுப்புக் கட்டம்.

– கறுப்புக் கட்டம் செத்தவங்களுக்குப் போடுறது.

– அப்போ சாதாரணக் கட்டம். தம்பி, பேனா இந்தா. கீழ கையெழுத்துப் போடு.

– அக்கா...

– போடு. அவ திரும்பி வர்ற வழியில எவன் கையிலயாவது அந்தக் கவர் இருக்கணும். அவ கண்ணுல படணும். அவ அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு, நாலாயிரம் கவர்ல நிமிர்ந்து நிக்கணும்.

– என்னால போட முடியாதுக்கா.

– ஏன்? கை தேஞ்சு போயிடுமா? பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டா மீசை இறங்கிடுமா?

– மன்னிப்புக் கேக்க நான் எப்பவும் ரெடி. இன்னிக்குக் காலையிலகூட ஒண்ணு கேட்டேன், காப்பியக் கொட்டினதுக்கு. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட்டா அது பொய்யாயிடும்.

– பூசி மெழுகாத. ஒரே வார்த்தை. ஏன்?

– அந்தப் பட்டியல நான் எழுதல.

– என்னது?

– ஒரு மாசம்கூட நான் எழுதினதில்ல. எனக்குக் காளான் ஆகாது. குளத்துப் பக்கமே நான் போனதில்ல. அந்த டிரைவருங்க பாடுறத நான் கேட்டதுகூட இல்ல. எல்லாம் அவ. சூப் குடிச்சது அவ, பாட்டுக் கேட்டது அவ, மல்லாந்து நீந்துறதும் அவ.

– அடக் கடவுளே! டீச்சர், அப்போ அந்த உருளைக்கிழங்கும் சாரோட வீட்டம்மா சொன்னதா?

– நீங்க சும்மா இருங்க! ஏன்டா, அவ எதுக்கு எழுதணும்? அவளுக்கு என்ன தலையெழுத்து?

– தலையெழுத்து இல்லக்கா. நான் ஏணியிலேருந்து விழுந்தேன்ல, எட்டு மாசம் மாடியில கூரையப் பாத்துக்கிட்டே கிடந்தேன். கீழ இவ கடைய நடத்தினா. எனக்குச் சத்தம் மட்டும் கேக்கும். டிராயர் திறக்குற சத்தம், கத்தரி சத்தம். அப்புறம் ஜனங்க சிரிக்கிற சத்தம். நான் இருந்த வரைக்கும் இந்தக் கடையில யாரும் சிரிச்சதில்லக்கா. சாயங்காலம் மேல வருவா. கட்டில் ஓரத்துல உக்காந்து, இன்னிக்கு என்ன சாப்பிட்டேன், என்ன பாத்தேன், புதுசா என்ன கத்துக்கிட்டேன்னு மூணே மூணு சொல்லுவா. அந்த மூணுக்காகத்தான் அடுத்த நாள் கண்ணு முழிப்பேன். நான் எழுந்து நடந்தப்புறம், "இத நான் மட்டும் கேட்டாப் போதாது, கவர்ல போடு"ன்னு சொன்னவன் நான்தான்.

– இத ஏன்டா என்கிட்ட சொல்லல?

– முதல் மாசம் சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீ, "வீட்டுப் பொம்பளை பேரும் பேச்சும் கவர்ல ஏறினா நான் இந்தப் படி மிதிக்க மாட்டேன்"ன்ன. அவ உடனே, "அக்காகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க, சொல்ற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்"னுட்டா. நான் பக்குவம் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு வருஷம் ஓடிடுச்சு.

– மூணு வருஷமா நல்லாப் பாத்தடா பக்குவம்.

– திட்டுக்கா. திட்டிடு.

– அவ அம்மா கேட்டது மதிப்பா இருப்பாளான்னுதான். கேண்டீன்ல தனியா உக்காந்து சூப் குடிப்பாளான்னு கேக்கல... சரி. குடிச்சிட்டுப் போகட்டும். அது எனக்கும் அவளுக்கும். ஆனா நீ பண்ணினது என்ன? "உரிமையாளருக்குப் பிடித்தவை"ன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டு, உன் பொண்டாட்டிக்குப் பிடிச்சத உள்ள வெச்சு ஊரை ஏமாத்தியிருக்க. அப்பா ஒரு ஊசியக்கூடப் பொய் சொல்லி வித்ததில்ல. அவர் கடையில, அவர் போர்டுக்குக் கீழ, முப்பத்தாறு மாசம் பொய்!

– பொய் இல்லக்கா.

– பின்ன?

– ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல.

– மூக்கு சிவக்கலையே சாருக்கு.

– பிரஸ்காரரே!

– இல்ல டீச்சர், மணி மூணே முக்கால். ரெண்டு மேட்டர் கையில இருக்கு, எது ஓடணும்னு ஒரு முடிவு சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன். ஊர்ப் பேச்சுக்கும் என்ன பதில்னு சொல்லிடுங்க, போற வழியில பத்துப் பேரு கேப்பாங்க.

– சரி, தீர்மானம் எழுதுங்க. "ஊரில் உலவும் பேச்சு குறித்து." தம்பி, உன் வாயாலயே சொல்லு, அவர் எழுதிக்கட்டும். பட்டன் கடை ஓனர் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு சொல்றாங்களே, நெசமா, பொய்யா? ஒரே வார்த்தை.

– பொய். நல்லா எழுதிக்கோங்க அண்ணே: ஓனர் கோவிச்சுக்கிட்டு எங்கயும் போகல, நீச்சல் குளத்துக்குப் போயிருக்காங்க, நாலரைக்கு வந்துடுவாங்க, பொண்டாட்டின்னு அவங்களுக்கு யாரும் கிடையாது, ஒரு புருஷன்தான், அவன் மூணு வருஷத்துக்கு முன்னாடியே கடைய அவங்க பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு, மறுநாள் காலையிலேருந்து அவங்ககிட்ட பட்டன் அடுக்குற வேலை பாக்குறான்.